சொட்டாத கசிவு: பழைய டீசல் லாரி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால்

மாலையில் நிறுத்தும்வரை குறையின்றி ஓடிய பழைய டீசல் லாரி, மறுநாள் காலையில் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பிடிக்காமல் நிற்பதும், ஒருவழியாகப் பிடித்த பிறகு நாள் முழுவதும் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆவதும் பலரும் கண்ட அனுபவம். இதற்கு முதலில் பழி சுமப்பது பேட்டரி. புதிய பேட்டரி போட்டும் சரியாகவில்லை என்றால் டீசலை அழுத்தத்தோடு எஞ்சினுக்குச் செலுத்தும் எஃப்.ஐ. பம்பை (ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பம்ப்) கழற்றி, அளவு சரிபார்க்கும் காலிபரேஷனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டுமே செலவு மிகுந்த வேலைகள். அவற்றில் இறங்கும் முன் டீசல் பாதையில் காற்று புகுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெகுநேரம் நின்ற பிறகு மட்டும் வண்டி அடம்பிடிக்கிறது என்றால், குறை பெரும்பாலும் ஒரு செம்பு வாஷரிலோ, விறைத்துப்போன ஒரு ரப்பர் ஹோஸிலோதான் இருக்கும்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று ஏறத்தாழ 16 முதல் 22 மடங்கு வரை அழுத்தப்பட்டு, அந்த அழுத்தத்தாலேயே கடுமையாகச் சூடேறி, அதில் நாசில் பீய்ச்சும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. நேரடியாக எரியறைக்குள் பீய்ச்சும் பழைய எஞ்சின்களில் நாசில் திறப்பதற்கே 200 பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு, அழுத்தம் வேண்டும். டீசல் அழுத்தினாலும் அநேகமாகச் சுருங்காது என்பதால், எஃப்.ஐ. பம்புக்குள் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சர் செய்யும் சிறு அசைவு குழாய் வழியாக அப்படியே சென்று நாசிலின் ஊசியைத் தூக்கிவிடுகிறது. அந்தப் பாதையில் காற்று இருந்தாலோ, பிளஞ்சரின் உழைப்பு முழுவதும் காற்றைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. ஊசி எழுவதில்லை, சிலிண்டருக்கு டீசல் போவதில்லை.

எனவே செல்ஃப் அடிக்கும்போது சைலன்ஸர் முனையைப் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள். வெண்புகை வந்தால் டீசல் போய்ச் சேர்கிறது, எரியத்தான் இல்லை என்று பொருள். அப்போது எஞ்சின் சுற்றும் வேகம், ஸ்டார்ட் செய்யும் முன் எரியறையைச் சூடாக்கும் க்ளோ பிளக், காற்று அழுத்தப்படும் அளவான கம்ப்ரஷன், டீசல் பீய்ச்சப்படும் நேரமான டைமிங் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும். புகையே வரவில்லை என்றால் டீசல் வந்து சேரவில்லை. எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் முழுவதுமாகத் திரும்பியிருக்கிறதா, மின்சாரத்தால் டீசலைத் திறந்துவிடும் சோலனாய்டு இருந்தால் அது சாவி போட்டவுடன் திறக்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொண்டு, அதன்பின் காற்றைத் தேடலாம்.

தேடுவதில்தான் பலர் வழி தவறுகிறார்கள். டீசல் எங்கே சொட்டுகிறது என்று பார்த்து, தரை காய்ந்திருந்தால் கசிவு இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டேங்கிலிருந்து டீசலை இழுத்து எஃப்.ஐ. பம்புக்கு அனுப்புவது ஃபீட் பம்ப். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. எஞ்சின் ஓடும்போது அதனுள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. விரிசல் விட்ட உறிஞ்சுகுழலில் தண்ணீர் குடிப்பதைப் போல, அங்கே இடைவெளி இருந்தால் காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே வராது. ஃபீட் பம்பைத் தாண்டினால் நிலைமை தலைகீழ்: ஓடும்போது சிறு அழுத்தம் இருப்பதால் அங்கே கசிந்தால் ஈரம் தெரியும். ஆனால் எஞ்சின் நின்ற பிறகு அந்த ஈரமான இடமே காற்று நுழையும் வாசலாக மாறிவிடுகிறது. இரவில் டீசல் டேங்கை நோக்கிக் கீழே இறங்குவதற்கு அதன் இடத்தில் காற்று நுழைந்தாக வேண்டும். ஃபீட் பம்பின் வால்வுகள் தேய்ந்திருந்தாலும்கூட, மேலே ஒரு துளி இடைவெளியும் இல்லாத பாதையில் டீசல் அவ்வளவு எளிதில் இறங்கிவிடாது.

உறுதிசெய்துகொள்ள முதற்சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். காலையில் சாவியைத் தொடும் முன் டீசலைக் கையால் ஏற்றுவதற்கான ஹேண்ட் பம்பின் குமிழைத் திருகி விடுவித்து, மெதுவாக அழுத்திப் பாருங்கள். பாதை நிறைந்திருந்தால் இரண்டொரு அழுத்தத்திலேயே கை தடையை உணரும். காற்று இருந்தால் குமிழ் வெறுமையாக, எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். தொடர்ந்து அடிக்க அடிக்க ஃபில்டருக்குள் களகளவென்று சத்தம் கேட்டு, பிறகு படிப்படியாகக் கனம் ஏறும். கனம் ஏறியபின் செல்ஃப் அடித்தவுடன் எஞ்சின் பிடித்துக்கொண்டால், பேட்டரியும் கம்ப்ரஷனும் எஃப்.ஐ. பம்பும் குற்றமற்றவை என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும்.

காற்று எந்தப் பகுதியில் புகுகிறது என்பதை ஒரு முழம் கண்ணாடி ஹோஸ், அதாவது டீசலைத் தாங்கக்கூடிய நிறமற்ற ஹோஸ், காட்டிக்கொடுக்கும். ஃபீட் பம்பின் நுழைவாயிலில் அதைப் பொருத்தி எஞ்சினை ஓடவிடுங்கள். முதலில் சில குமிழிகள் போவது இயல்பு. இணைத்தபோது உள்ளே சிக்கிய காற்று அது. சற்று நேரம் கழித்தும், குறிப்பாக ஆக்ஸிலரேட்டரை ஏற்றும்போது, கடுகளவுக் குமிழிகள் சரமாக வந்துகொண்டிருந்தால் கசிவு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் இருக்கிறது. அடுத்து, சுத்தமான டீசல் நிரப்பிய கேனிலிருந்து ஃபீட் பம்புக்கு நேரடியாக ஒரு ஹோஸ் கொடுத்துப் பாருங்கள். இதில் குமிழிகள் நின்றுவிட்டால் பழைய பாதை முழுவதும் சந்தேகத்துக்குரியது. கேனிலிருந்து வரும் டீசல் குமிழியின்றி உள்ளே போயும், மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் குமிழிகள் தொடர்ந்தால், பம்புக்கு அப்பால் தேட வேண்டும்.

உறிஞ்சும் பகுதியில் நான் முதலில் சந்தேகிப்பது ஹோஸின் நுனிகளை. வருடக்கணக்கில் எஞ்சின் சூட்டில் கிடந்த ரப்பர், வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே மரக்கட்டையாகி, அது மாட்டப்பட்டிருக்கும் குழாய் முனையான நிப்பிளைக் கவ்விப் பிடிக்கும் தன்மையை இழந்திருக்கும். கிளிப்பை மேலும் இறுக்குவது இதற்குத் தீர்வாகாது. விறைத்த ரப்பர் கிளிப்பின் அடியில் வெடித்து, அதுவரை இல்லாத விரிசலையும் உண்டாக்கிவிடும். ஹோஸை மாற்றிவிடுவதே சரி. அடுத்தது பேஞ்சோ போல்ட்டின், அதாவது டீசல் உள்ளே ஓடும்படி துளையிட்ட இணைப்பு போல்ட்டின், வளையத்துக்கு இருபுறமும் இருக்கும் செம்பு வாஷர்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் பழைய தழும்போடு வேறொரு கோணத்தில் உட்காரும்போது சரியாக அடைக்காது. அவசரத்துக்கு அதைச் செக்கச்செவேல் என்று சூடாக்கி ஆறவிட்டால் மீண்டும் மென்மையாகிவிடும் என்றாலும், புதியது கிடைக்கும்போது பழையதை மீண்டும் போடக் காரணமே இல்லை. ஃபில்டர் மாற்றிய மறுநாளே தொல்லை தொடங்கியதானால் ஃபில்டரின் வளையத்தைப் பாருங்கள். பழைய வளையம் தலைப்பகுதியிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதைப் போட்டு இறுக்கியிருக்கக்கூடும். தண்ணீர் பிரிப்பானின் அடியிலுள்ள டிரெயின் திருகும், சோதனைக்குப் பயன்பட்ட ஹேண்ட் பம்பின் உள் சீலும்கூட காற்றை விடும் இடங்களே.

டேங்கு நிறைந்திருக்கும்போது தொல்லை இல்லை, பாதிக்குக் கீழே போனால் மட்டும் வருகிறது என்றால் வெளியில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாய் துருப்பிடித்து நடுவில் ஓட்டை விழுந்திருக்கலாம். டீசல் மட்டம் ஓட்டைக்கு மேலே இருக்கும்வரை அது வெளியே தெரியாது.

இரவில் டீசல் இறங்குவதைத் தடுக்கப் பாதையில் கூடுதலாக ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) வைக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல. காலையில் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் ஓடும்போது காற்று புகுந்துகொண்டேதான் இருக்கும், மேட்டில் சுமையோடு ஏறும்போது இழுவை குறையும்.

கசிவை அடைத்த பின் காற்றை வெளியேற்றும் வரிசை டேங்கிலிருந்து எஞ்சினை நோக்கியே போக வேண்டும்: முதல் ஃபில்டர், இரண்டாம் ஃபில்டர், பிறகு எஃப்.ஐ. பம்ப். ஒவ்வொன்றிலும் காற்றை வெளியேற்றுவதற்கான பிளீட் திருகைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை ஹேண்ட் பம்பை அடித்து, டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும். அதன்பிறகும் பிடிக்காவிட்டால், நாசில் பக்கத்தில் குழாயை இணைக்கும் யூனியன் நட்டுகளைச் சற்றே தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் துளிர்த்ததும் இறுக்கிவிடலாம். இது பழைய மெக்கானிக்கல் பம்புகளுக்கு மட்டுமே பொருந்தும். எல்லா நாசில்களுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்திருக்கும் புதிய வகையான காமன் ரெயில் எஞ்சினில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும் என்பதால், அந்தக் குழாய்களை எஞ்சின் சுற்றும்போது தளர்த்தவே கூடாது. எந்த எஞ்சினானாலும் நாசில் பீய்ச்சலின் எதிரே கையை நீட்டாதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போல்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

செல்ஃபை ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள். க்ளோ பிளக்கோ இன்டேக் ஹீட்டரோ உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது ஆபத்து. சூடான முனையில் பட்டு அது நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து, பிஸ்டனையே உடைத்துவிடக்கூடும்.

வேலை முடிந்ததும் எஞ்சின் பிடித்துவிட்டது என்பதால் திருப்தியடைந்துவிட வேண்டாம், காற்றை வெளியேற்றினாலே அது எப்படியும் பிடித்திருக்கும். கண்ணாடி ஹோஸை அப்படியே விட்டு ஓர் இரவு முழுவதும் நிறுத்திவையுங்கள். மறுநாள் ஹேண்ட் பம்பைத் தொடாமல், முதலில் ஹோஸில் டீசல் நிறைந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு செல்ஃப் அடியுங்கள். சரியாக இருந்தால் அந்த ஹோஸைக் கழற்றிவிட்டு, டீசலுக்கென்றே செய்யப்பட்ட முறையான ஹோஸைப் பொருத்திவிடுங்கள்; சோதனைக்கு வாங்கியது எஞ்சின் சூட்டில் நெடுநாள் தாங்காது.