மைக் குத்த இடமில்லாத பெட்டி

"மாமா, மைக்கை எதில குத்துறது?"

தங்கையின்ர மகன் பழசாக வாங்கி வந்த எட்டு ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் நகர்த்தும் பிடி) உள்ள பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பின்னால் கரண்டுக்கும் யூஎஸ்பிக்கும் மட்டும்தான் இடம்.

அது மிக்சர் இல்லை, கண்ட்ரோல் சர்ஃபேஸ்: கணினியின் ஒலிப்பதிவு மென்பொருளைக் கையால் இயக்கும் பலகை. சத்தம் அதற்குள் போவதே இல்லை. ஃபேடரை நகர்த்தினால் கணினிக்கு ஒரு எண் போகும், அவ்வளவுதான். இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழியான மிடியின் சாதாரண கட்டளையில் 0 முதல் 127 வரை, 128 படிகள். குரலை மெல்லத் தணிக்கும்போது அந்தப் படிகள் சிலவேளை காதில் தட்டும். கணினியும் நகர்த்தக்கூடிய மோட்டர் ஃபேடர்கள் பெரும்பாலும் பிட்ச் பெண்ட் என்ற இன்னொரு வகை மிடி செய்தியில் பேசும். அதில் 16,384 படிகளுக்கு இடமுண்டு.

டிஜிட்டல் மிக்சரில் மைக் சத்தத்தைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப், தொனியைத் திருத்தும் ஈக்யூ, சத்த ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்தும் கம்ப்ரசர் எல்லாம் உள்ளேயே இருக்கும். வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: யூஎஸ்பியில் ஒவ்வொரு சனலும் தனித்தனியாக வருமா? இடம், வலம் என இரண்டாகக் கலந்து வந்தால் பிறகு மிருதங்கத்தை மட்டும் குறைக்க முடியாது.

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் என் பழைய இன்டர்ஃபேஸை எடுத்துக் கொடுத்தேன்.

வெள்ளவத்தைக் கடற்கரை ரயில் போய் முடியும்வரை காத்திருந்து, நாலு வரி பாடினான். குரல் ஏறி இறங்கும் இடங்களை ஃபேடரால் சரிசெய்து பதிந்தோம்.

திரும்பப் போட்டபோது அந்த ஃபேடர் தானாகவே எழுந்து தாழ்ந்தது. விரலை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.