கழற்றிப் பூட்டிய ஏர் ரைபிள்: எது எதில் இடிக்கிறது?

மூன்று வாரமாக எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய ஏர் ரைபிள் பாகம் பாகமாகக் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமைதான் ஒழுங்காகப் பூட்டி முடித்தேன். அன்று சாயங்காலம் அக்கா மகள் பத்து மீட்டரில் நின்று சுட்ட ஐந்து பெல்லட்டும் (சின்ன ஈயக் குண்டு) ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. நடுவில் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி நாலு கை மாறி, பாகங்கள் கலந்து போன ரைபிள் பல வீட்டுப் பரணில் கிடக்கிறது.

எங்கள் ஊர் செங்கோட்டை. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதால் சொந்தக்காரர்கள் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உண்டு. புனலூரில் பெரியம்மா வீட்டுப் பரணை ஒழிக்கும்போது ஒரு சாக்குப்பையில் இது கிடைத்தது. ஒரே மாதிரியான இரண்டு ரைபிள்களின் பாகங்கள், ஒன்றில் பேரல் (குழல்) போச்சு, இன்னொன்றில் தோளில் வைக்கும் மரக்கட்டை உடைந்துவிட்டது. நல்லதைப் பொறுக்கி ஒன்றாகப் பூட்டிவிடலாம் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அக்கா மகளுக்குப் பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டி மேல் ஒரு பித்து. புது ரைபிள் வாங்கும் வசதி இப்போதைக்கு இல்லை, பழகுவதற்கு இது போதும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது ஸ்பிரிங் அமுக்கிய காற்றில் சுடும் 4.5 மில்லிமீட்டர் ரைபிள். 2016 ஆயுத விதிகளின்படி குழல் இந்த அளவுக்குள் இருந்து, குண்டு வெளியேறும் ஆற்றலும் 20 ஜூல் என்ற அளவைத் தாண்டாமல் இருந்தால் உரிமம் வேண்டியதில்லை. தோட்டாத் துப்பாக்கியை உரிமம் இல்லாமல் வீட்டில் பூட்டுவது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், அதைப் பற்றி இங்கே ஒரு வரிகூடக் கிடையாது. மலையடிவாரத்தில் இருக்கிறோம் என்று மயிலையும் முயலையும் குறி வைத்தால் 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. எங்கள் குறி அட்டை மட்டும்தான், பின்னால் மணல் மூட்டை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வகை ரைபிளில் பேரலைக் கீழே மடக்கினால், லிங்க் என்கிற நெம்புகோல் பிஸ்டனைப் பின்னால் தள்ளி ஸ்பிரிங்கை அமுக்கும், ஒரு கொக்கி பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும், விசையை இழுத்தால் விட்டுவிடும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பூட்டியதும் நாலு கோளாறு ஒரே நேரத்தில் தெரிந்தது. பேரலை முழுக்க மடக்கினாலும் பிஸ்டன் கொக்கியில் மாட்டவில்லை. பேரல் பக்கவாட்டில் ஆடியது. மூடினால் பேரல் மேலே வந்து முழுசாக உட்காராமல் ஒரு மயிரிழை திறந்தே நின்றது. கட்டையில் வைத்து முன் திருகுகளை முடுக்கினால் மடக்கும்போது எங்கேயோ உரசியது.

கொக்கியில் மாட்டவில்லை என்றால் கை நேராகக் கொக்கிக்குத்தான் போகும். என் கையும் போனது, அரத்தை எடுத்தேவிட்டேன். நல்ல வேளை, அந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மறுநாள் காலையில் நிதானமாக யோசித்தபோதுதான் தோன்றியது: பூட்டும்போது பின்மூடியில் 'பின்' (குறுக்கு ஆணி) போகும் துளையும் பிஸ்டன் ஓடும் பெரிய குழாயின் துளையும் நேராக வராமல் அவ்வளவு அடம் பிடித்ததே, அது ஏன்? இரண்டும் ஒரே காரணமாக இருக்கக் கூடாதா?

ஒரே காரணம்தான். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து வெர்னியரில் அளந்தேன். கம்பியின் கனம் 3 மில்லிமீட்டர், சுற்று 33. சுற்றோடு சுற்று ஒட்டும்வரை அமுக்கினால் அதன் நீளம் 99 மில்லிமீட்டர், அதற்குக் கீழே அது போகவே போகாது. பிஸ்டன் கொக்கியில் மாட்டும் நிலையில் ஸ்பிரிங்குக்குக் கிடைக்கிற இடம் 98. யாரோ பழைய ஸ்பிரிங் தளர்ந்த காலத்தில் பிஸ்டனுக்குள் 2 மில்லிமீட்டர் வாஷர் இரண்டு போட்டிருக்கிறார்கள், அப்புறம் புது ஸ்பிரிங் மாற்றியவர் அந்த வாஷர்களை எடுக்கவில்லை. எடுத்ததும் இடம் 102 ஆனது. பிஸ்டன் 'டக்' என்று மாட்டியது, ஆணித் துளையும் அடம் பிடிக்காமல் நேராக வந்தது. கொக்கி பாவம், அதன் மேல் ஒரு குறையும் இல்லை. அதை அராவியிருந்தால் மேலே இருக்கும் கடினப்படுத்திய தோல் போயிருக்கும், பிறகு தானாக விடுபடுகிற ரைபிள் ஒன்றை ஒரு சின்னப் பெண்ணின் கையில் கொடுத்திருப்பேன். கொக்கியிலும் விசையிலும் அரம், உப்புத்தாள் எதையும் வைக்காதீர்கள். உண்மையிலேயே அது தேய்ந்திருந்தால் தெரிந்த கடையில் புதுசு மாற்ற வேண்டும்.

இந்த ஸ்பிரிங்கைக் கழற்றும்போது முகத்துக்கு நேராக வைக்கக் கூடாது. பூட்டியிருக்கும்போதே அது ஓரளவு அமுங்கித்தான் இருக்கும், பின்னை உருவினால் மூடி பாய்ந்து வரும். தச்சர்கள் பலகை ஒட்டப் பயன்படுத்தும் நீளக் கிளாம்பில் இரண்டு முனையையும் பிடித்து, பின்னை எடுத்து, கிளாம்பைத் திருகித் திருகி மெதுவாகத் தளர்த்தினேன். அதே மாதிரி மடக்கிய பேரலை இடது கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாட்டாத பிஸ்டன் நழுவினால் பேரல் விரலோடு சேர்த்து மூடும்.

பேரல் ஆட்டத்துக்கு வருவோம். அச்சு போல்ட்டை முடுக்கினால் ஆட்டம் நிற்கும் என்று முடுக்கினேன், ஆட்டம் நின்றது, ஆனால் பேரலை மடக்கவே முடியாதபடி இறுகிவிட்டது. அரைச் சுற்று தளர்த்தினால் மறுபடி ஆட்டம். போல்ட்டால் தீர்கிற ஆட்டம் இல்லை என்பதற்கு இதுவே அடையாளம், இரண்டு பக்கமும் இருக்கும் மெல்லிய வாஷர் தேய்ந்திருக்கிறது. ஒரு பக்கத்து வாஷர் 0.5 இருந்தது, இன்னொன்று 0.3 கூட இல்லை. புனலூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் சேட்டன் ஒருவர் பித்தளைத் தகட்டில் இரண்டு வெட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. இறுக்கம் சரியா என்று பார்க்க, ஸ்பிரிங் போடுவதற்கு முன்னால், லிங்க் மாட்டாமல், பேரலை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். தன் எடையிலேயே தொங்கினால் லூஸ், தள்ளக் கஷ்டமாக இருந்தால் டைட்.

மூடாத பேரல் சின்ன விஷயம். பேரலின் பின்வாயில் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கனம் கூடுதல், பைக் கார்ப்பரேட்டர் ரிங் எதையோ போட்டிருந்தார்கள். ரிங்கைக் கழற்றிவிட்டு மூடிப் பார்த்தேன், அழகாக உட்கார்ந்தது. கால் மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் பள்ளத்துக்கு மேலே எட்டிப் பார்க்கிற ரிங் போட்டதும் முடிந்தது. காற்று கசிகிறதா என்று பார்க்க அந்த இடத்துக்கு மேல் ஒரு துண்டு டிஷ்யூ காகிதம் வைத்துச் சுட்டால் போதும், காகிதம் பறந்தால் கசிவு. பெல்லட் போடாமல் மட்டும் சுடாதீர்கள். எதிரே காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் இரும்பில் இடிக்கும்.

கடைசிக் கோளாறுதான் என்னை அதிகம் படுத்தியது, ஏனென்றால் காலையில் இருந்த உரசல் மத்தியானம் இல்லை, ராத்திரி மறுபடி வந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்குகிற ஆனி மாதம் அது. கதவே சாத்த முடியாமல் ஊதிப்போகும், ரைபிள் கட்டை மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்? கட்டையின் வெளிப்பக்கம் பாலிஷ் போட்டிருக்கிறது, இரும்பு உட்காரும் உள்பள்ளத்தில் வெறும் மரம். ஈரம் முழுக்க அந்த வழியாக ஏறியிருக்கிறது.

உளியை எடுத்த என்னை எங்கள் தெரு ஆசாரி அண்ணாச்சி தடுத்தார். "எங்க தொடுதுன்னு தெரியாம எங்கடே செதுக்கப் போற?" என்று கேட்டுவிட்டு, விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து இரும்பின் அடிப்பக்கம் முழுக்க மெல்லிசாகத் தடவச் சொன்னார். கட்டையில் வைத்து, முடுக்கி, கழற்றினால், மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அதுதான் இடிக்கிற இடம். நான் முன்பக்கம் என்று நினைத்திருந்தேன். கறுப்பு இரண்டே இடத்தில்தான் இருந்தது: லிங்க் ஓடும் பள்ளத்தின் இடது சுவரில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு, பின்பக்கம் விசைப் பெட்டியின் மூலையில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டுதான் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, முன் திருகை முடுக்கும்போது மொத்த இரும்பும் ஒரு பக்கம் சாய்ந்து லிங்க் சுவரில் உரசியிருக்கிறது. பொட்டை மட்டும் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். சுரண்டு, கரி தடவு, வை, முடுக்கு, கழற்று, பார். ஏழு தடவை. ஏழாவது தடவை கறுப்பு இரண்டு பக்கமும் சமமாகப் படர்ந்தது, இடது சுவரில் உரசலும் போய்விட்டது, அந்தச் சுவரை நான் தொடவே இல்லை.

அப்புறம் நாலு நாள் அடுப்பங்கரை அலமாரிக்கு மேலே கட்டையைக் காய வைத்து, உள்பள்ளம் முழுக்க அரக்குப் பாலிஷ் மூன்று கோட் அடித்தேன். திருகு துளைக்குள்ளும் ஒரு குச்சியில் பஞ்சு சுற்றித் தடவினேன்.

எங்கள் பக்கம் தையல் மிஷினிலிருந்து கதவுக் கீல் வரை எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். கரி குழைப்பதோடு அதை நிறுத்திவிட்டு, இரும்பில் ஒட்டியிருப்பதைத் துடைத்துவிட வேண்டும். பிஸ்டன் ஓடும் குழாய்க்குள் எண்ணெய் இருந்தால், அமுங்கும் காற்றின் சூட்டில் அது பற்றி வெடிக்கும், புகையோடு பெரிய சத்தம் வரும், பிஸ்டன் வாஷரும் ஸ்பிரிங்கும் நாசமாகும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் முதலில் சுட்ட மூன்றும் இடது மேல் மூலையில் போயின. "மாமா, திருகு ஏதாவது லூஸா?" என்றாள். முன் திருகு இரண்டும் கால் சுற்று தளர்ந்திருந்தன. புதுசாகப் பூட்டியதில் முதல் இருபது முப்பது குண்டு வரை இது தளரத்தான் செய்யும். முடுக்கிவிட்டு, திருகின் தலையிலும் கட்டையிலும் சேர்த்து அவளுடைய நகப்பூச்சால் ஒரு கோடு போட்டோம், நகர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். அதற்கு அப்புறம் சுட்டதுதான் அந்த ஐந்து. அந்த அட்டையைத் திண்ணைத் தூணில் ஒட்டி வைத்திருக்கிறாள், குறி பார்க்கும் பின்பக்க சைட்டில் இன்னும் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது, அதற்கான சின்னத் திருகு தென்காசியில் கிடைக்கிறதா என்று நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.