மார்ச் 31-ல் ஈஸ்டர் வந்தால்

2024-ல் ஈஸ்டர் மார்ச் 31-ஆம் தேதி வந்தது. நிதியாண்டு முடியும் நாளும் அதுதான். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும், அரசுப் பணப் பரிவர்த்தனைக்காக வங்கிக் கிளைகளைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தது ரிசர்வ் வங்கி. விடியற்கால உயிர்த்தெழுதல் ஆராதனை முடிந்து, ஆலய வாசலில் எல்லாருக்கும் கைகொடுத்துவிட்டு, ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும் வீட்டைத் தாண்டி நேராக அலுவலகம் போக வேண்டிய நாள் அது.

கிறிஸ்தவக் கல்லூரியில் பணக் கணக்கைப் பார்க்கும் பர்சாராகவோ, அலுவலகக் கண்காணிப்பாளராகவோ, முதல்வராகவோ இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. திருச்சபை நாட்காட்டியும் கணக்கு நாட்காட்டியும் வருஷத்தில் நாலைந்து முறை ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். ஜூன் மாதமே இரண்டையும் ஒரே தாளில் எழுதி, வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒன்றும் அலுவலக மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒன்றும் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக்காரருக்கோ வீட்டுக்காரிக்கோ அந்தத் தாள் தெரிந்திருந்தால் பாதிச் சண்டை குறையும்.

அடுத்து இடிக்கப்போவது 2027. ஈஸ்டர் மார்ச் 28, பெரிய வெள்ளி 26. அதற்குப் பிறகு வருஷக் கடைசிக்கு மிஞ்சுவது திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்றே நாள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து தொடங்கும் சாம்பல் புதன் அந்த வருஷம் பிப்ரவரி 10. துறைகளின் கொள்முதலுக்கு அந்தத் தேதியையே கடைசி நாளாக வைத்துவிடலாம். மூன்று விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, ஆர்டர் கொடுத்து, சரக்கு வந்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பில்லில் பக்க எண் குறித்து, செக் எழுதி முடிக்க ஐந்தாறு வாரம் பிடிக்கும். லெந்து காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். மார்ச் 20-ஆம் தேதி ஞானோதயம் வந்து ஆர்டர் போடும் துறைத்தலைவர் எல்லாக் கல்லூரியிலும் ஒருவர் இருப்பார். பில்லில் மார்ச் 30 என்று இருக்கும், லாரி ரசீதில் ஏப்ரல் 6 என்று இருக்கும். தணிக்கையாளர் முதலில் புரட்டுவது அந்த ரசீதைத்தான்.

டிசம்பர் 31 இன்னொன்று. வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனங்கள் அதன் ஆண்டுக் கணக்கைக் காட்டும் எஃப்.சி.-4 படிவத்தை ஏற்ற வேண்டிய கடைசி நாள் அதுவே. இரவு பதினொரு மணிக்கு வருஷக் கடைசி ஆராதனை, புது வருஷத்துக்கான வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்பது. அதற்கு ஒரு மணி நேரம் முன்புவரை இணையதளம் சுற்றிக்கொண்டே நிற்கும். இதில் தாமதம் கணக்கில் வருவதில்லை, கையெழுத்தில் வருகிறது. தலைமைப் பொறுப்பாளராகப் பதிவாகியிருப்பவர் பெரும்பாலும் பேராயரோ சபையின் மாகாணத் தலைவரோ தாளாளரோ. டிசம்பர் பிறந்தால் அவர்கள் கேரல் ஆராதனைக்கும் ஆலயப் பிரதிஷ்டைக்கும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார்கள். கிறிஸ்மஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முன்பே ஆடிட்டர் சான்றிதழை வாங்கிக் கையெழுத்தையும் முடித்துவிட்டால், டிசம்பர் முழுக்கக் குழந்தைகளோடு நட்சத்திரம் கட்டலாம்.

வெளிநாட்டுப் பணம் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். பழைய மாணவர் ஒருவர் தாத்தா பெயரில் பரிசு நிதி வைக்க டாலரில் அனுப்புகிறேன் என்பார். கேட்க வேண்டிய கேள்வி அவர் எங்கே இருக்கிறார் என்பதல்ல, கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புது தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள எஃப்.சி.ஆர்.ஏ. கணக்குக்கு மட்டுமே வரலாம். ஊர்க் கிளையில் இருக்கும் கல்லூரியின் சாதாரணக் கணக்கில் தவறி விழுந்துவிட்டால், திருப்பி அனுப்புவதும் விளக்கம் எழுதுவதுமாக மாதங்கள் போகும். நன்கொடைக் கடிதம் வந்த அன்றே பாஸ்போர்ட் நகல் கேளுங்கள். சபையில் முன் வரிசையில் உட்காரும் குடும்பம் என்று கூச்சப்பட வேண்டாம்.

இனி சம்பளம். உதவிபெறும் கல்லூரி என்றால் ஒரே கட்டடத்துக்குள் இரண்டு உலகம். எய்டட் பிரிவின் சம்பளம் அரசிடமிருந்து வருகிறது, எஸ்.எஃப். என்று எல்லாரும் சொல்லும் சுயநிதிப் பிரிவின் சம்பளம் மாணவர் கட்டும் கட்டணத்திலிருந்து. எய்டட் பக்கம் வேலை அதிகம், கவலை குறைவு. ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் வரும். முந்தைய மாதமே யார் யாருக்கு என்று பட்டியல் எடுத்துவிட வேண்டும். ஒருவர் பெயர் விட்டுப்போனால் நிலுவைப் பட்டியல் போட்டு, கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம் போய், பணம் கையில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அவரும் ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவார்.

சுயநிதிப் பக்கம் கவலை வேறு மாதிரி. கட்டணம் ஜூன், ஜூலையிலும் டிசம்பர், ஜனவரியிலும் வரும். சம்பளம் பன்னிரண்டு மாதமும் போகும். நாற்பது ஆசிரியர், சராசரி 20,000 ரூபாய் என்று வைத்தால் மாதம் 8 லட்சம். வருங்கால வைப்பு நிதியை 15,000 ரூபாய் உச்சவரம்பில் பிடித்தால் ஆளுக்கு 1,800, நிர்வாகத்தின் பங்கும் 1,800. இரண்டும் சேர்த்து 1.44 லட்சம், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். தவறினால் வட்டியும் இழப்பீடும் சேரும். இதில் நிர்வாகம் தன் கையிலிருந்து போடுவது 72,000. ஆக ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு 18 லட்சமாவது பிப்ரவரியிலேயே தனி வைப்பில் இருக்க வேண்டும். இருக்காது. கட்டண பாக்கி வந்துவிடும் என்ற நம்பிக்கையில் கூடைப்பந்து மைதானத்துக்குத் தளம் போட்டிருப்பார்கள்.

கிறிஸ்மஸுக்கு முன்பே டிசம்பர் சம்பளம் கேட்பது வழக்கம். நியாயமான ஆசைதான். ஆனால் 22-ஆம் தேதி முழுச் சம்பளமும் கொடுத்தால் அடுத்த சம்பளத்துக்கு நாற்பது நாள் இருக்கிறது. புத்தாடையும் கேக்கும் போக மிச்சம் இருக்காது. ஜனவரி மூன்றாம் வாரம் முன்பணம் கேட்டு வரிசை நிற்கும். பாதியை 20-ஆம் தேதி வாக்கில் கொடுத்து, மீதியை மாதக் கடைசியில் கொடுப்பதுதான் ஓடுகிற ஏற்பாடு. டிசம்பரில் முணுமுணுப்பார்கள், ஜனவரியில் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பணிக்கொடையைப் பற்றியும் பலர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஆசிரியர்களுக்கும் உண்டு, பணிக்கொடைச் சட்டத்தின் 2009 திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும் என்பதை 2022-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாண்டால் பெருக்க வேண்டும். 20,000 ரூபாய் வாங்கிய பத்தாண்டு ஆசிரியைக்கு 1,15,385 ரூபாய். "மிஷன் கல்லூரிதானே, ஊழியமாக நினைச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்புவது விசுவாசமும் இல்லை, சட்டமும் இல்லை. துறவற சபை ஆட்களின் சம்பளம் சபைக்குத்தானே போகிறது என்று வரி பிடிக்காமல் விட்ட பழக்கமும் முடிந்துவிட்டது: 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் பிடிக்கச் சொன்னது, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் மாற்றவில்லை.

இப்போது மே மாதம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு வரும் முதல் ஞாயிறு. ஆசீர்வாதம் கூறி முடிவதற்குள் செருப்புப் போடும் இடத்தில் நாலு பேர் நிற்பார்கள். "அண்ணாச்சி, நம்ம பயலுக்கு பி.காம். ஒரு சீட்டு." பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வீட்டம்மாவிடம், "அக்கா, சார்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க." முகத்தில் அடித்த மாதிரி மறுக்கவும் முடியாது, தலையாட்டவும் கூடாது. எல்லாருக்கும் ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள்: விண்ணப்ப எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதித் திங்கட்கிழமை அலுவலகத்தில் கொடுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்கும் அதே பதிலைச் சொல்லிக்கொடுங்கள். தரவரிசைப் பட்டியலை மதிப்பெண்ணோடு பலகையில் ஒட்டிவிட்டால் கேள்வி பாதியாகக் குறையும். உடன்குடிக் கருப்பட்டி, பனங்கிழங்குக் கட்டு, வாழைத்தார் எதுவானாலும் சேர்க்கை முடியும்வரை திண்ணையைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. கிறிஸ்மஸுக்கு அதே ஆள் கேக் கொண்டுவந்தால் தாராளமாக வாங்கிச் சாப்பிடலாம். சொந்தக்காரப் பிள்ளை விண்ணப்பித்தால் அன்றே செயலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பாடப்பிரிவின் குழுவிலிருந்து விலகிக்கொள்வது முறை.

கிறிஸ்தவருக்கென ஒதுக்கும் சிறுபான்மை இடத்துக்கு வழக்கமாகக் கேட்பது ஞானஸ்நானச் சான்றும், சேகரம் என்ற சபை வட்டாரத்தின் குருவானவர் கடிதமும். கடிதத்தில் முத்திரை, சபைப் பதிவேட்டு எண், தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு சேகரத்திலிருந்து கடிதம் வருவதும் உண்டு.

இதில் மிகவும் கவனமாக நடக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. குடியரசுத் தலைவரின் 1950 ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியருக்கும், 1990 முதல் பௌத்தருக்கும் மட்டுமே. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவராக மாறியவர் தமிழ்நாட்டில் எத்தனை தலைமுறை ஆனாலும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். நடைமுறையில், இந்து என்று போட்ட பட்டியல் சாதிச் சான்று கையில் இருக்கும் பிள்ளை, ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வருகிற பிள்ளையாகவும் இருக்கும். தாயார் இரண்டு சான்றுகளையும் ஒரே உறையில் போட்டு நீட்டுவார். அவருக்கு அதில் தப்பொன்றும் தெரியாது. அலுவலகம் இரண்டையும் வாங்கி ஒரே கோப்பில் தைத்துவிட்டால், நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் சான்று சரிபார்ப்பின்போது அந்தக் கோப்பே பிள்ளைக்கு எதிரான சாட்சி. ஞானஸ்நானம் பெற்ற பிறகு பட்டியல் சாதிச் சலுகை கேட்ட ஒரு புதுச்சேரி வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையாகப் பேசித் தள்ளியது நினைவிருக்கட்டும்.

எனவே விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் மேஜையில் விவரம் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பெற்றோரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இரண்டும் சேர்ந்து போகாது, எது உண்மையோ அதன்படி ஒன்றைக் கேளுங்கள். மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் என்று சரியான சான்று வாங்கினாலும் கல்வி உதவித்தொகை போய்விடாது. மாநில அரசு ஆதிதிராவிடர் நலத் துறை வழியாக அவர்களுக்கும் தருகிறது. இது தெரியாமல் பயந்தே பலர் பொய்யில் மாட்டுகிறார்கள். சட்டம் சரியா என்று கேட்டால், மதத்தை வைத்துச் சாதிக் கொடுமையை அளப்பது அநியாயம் என்பதே என் எண்ணம். ஆனால் அந்த அநியாயத்தைச் சரிசெய்யும் இடம் சேர்க்கைக் கோப்பு கிடையாது.

காலைக் கூடுகை, சிற்றாலய ஆராதனை விஷயத்திலும் ஒரு கையெழுத்து முக்கியம். அரசு உதவி பெறும் நிறுவனத்தில் படிப்பவரை அவர் சம்மதம் இல்லாமல் மத வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3). வயது 18 ஆகாதவர் என்றால் பாதுகாவலர் சம்மதம் வேண்டும். ஜூனில் சேரும் முதலாண்டு மாணவர்களில் பலருக்கு 17 வயதுதான். விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் "விதிகளுக்குக் கட்டுப்படுவேன்" என்று மாணவரிடம் மட்டும் வாங்கினால் அது சம்மதம் ஆகாது. தனித் தாள், தமிழில், பெற்றோர் கையெழுத்து. வேண்டாம் என்பவருக்கு அந்த நேரத்தில் நூலகமோ நன்னெறி வகுப்போ உண்டு என்றும் அதிலேயே எழுதுங்கள். வருகைப் பதிவை ஆராதனைக்கு எடுத்து அபராதம் போடும் வழக்கம் எங்காவது இருந்தால் இன்றே நிறுத்துவது நல்லது. அபராதத்துக்குப் பயந்து பாடுகிற பாமாலை கூரைக்கு மேலே போகாது.

சிற்றாலயக் காணிக்கைப் பணம் கல்லூரியின் வருமானம் அல்ல. ஆராதனை முடிந்த உடனே இரண்டு பேர் எண்ணி, நோட்டு வாரியாகப் பதிவேட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, அடுத்த வேலை நாளில் தனிக் கணக்கில் கட்ட வேண்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயை 2,000 ரூபாய்க்கு எடுத்தவர் "அப்புறம் தர்றேன்" என்று போய்விடுவார். ஏலச் சீட்டில் பெயரும் தொலைபேசி எண்ணும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், வரவாகக் காட்டுவது பணம் வந்த பிறகே. பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி சிற்றாலய குருவிடம், மற்றது மாணவர் பிரதிநிதியிடம். பர்சார் வீட்டில் சாவி வேண்டாம்.