சூட்டுக்கோல் பிடிக்கும் வேளை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தின் மணற்குன்றுப் பகுதி ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர் பரப்புக் கொண்டது. புல்லின் வேர்கள் மணலைப் பிடித்து நிறுத்தியிருக்கும் அந்நிலத்தை உழுதால் மணல் மறுபடியும் நகரத் தொடங்கிவிடும். ஆகவே அங்கே மாடு வளர்ப்பே பிழைப்பு. கால்நடை மருத்துவம் முடித்து மேற்படிப்புக்காக அம்மாநிலத்தில் இருந்த காலத்தில், மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் ஒரு பண்ணையில் வசந்த காலப் பணிகளுக்கு உதவியாகச் சென்றேன். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிறந்த கன்றுகளுக்கு மே மாதக் கடைசியில் சூட்டுக்குறி இடுவார்கள். தடுப்பூசி போடும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது.

காங்கேயம் பக்கத்தில், கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் நாலைந்து மாடுகளைப் பெயர் சொல்லி அழைத்து வளர்ந்தவனுக்கு, கன்றின் மேல் காய்ச்சிய இரும்பை வைப்பதன் தேவை உடனே விளங்கவில்லை. அந்தக் குன்றுகளுக்கிடையே நின்று பார்த்தபோதுதான் விளங்கியது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வீடு கிடையாது. கோடை முழுவதும் மாடுகள் யார் பார்வையிலும் படாமல் மேயும். முள்கம்பி வேலி அறுந்தால் பக்கத்துப் பண்ணை மந்தையோடு கலந்துவிடும். எல்லாமே ஆங்கஸ் இனத்துக் கறுப்பு மாடுகள்; எது யாருடையது என்று பார்த்துப் பிரித்தறிய முடியாது. மாநிலத்தின் மேற்கு மூன்றில் இரண்டு பங்குப் பகுதியில் மாட்டை விற்கும்போது, 1941-இல் அமைக்கப்பட்ட நெப்ராஸ்கா சூட்டுக்குறிக் குழுவின் ஆய்வாளர் குறியைப் பார்த்து உடைமையை உறுதிசெய்ய வேண்டும். குறியின் வடிவம் மட்டுமன்றி, அது இடப்பக்க விலாவிலா வலப்பக்கத் தொடையிலா என்பதும் பதிவின் ஒரு பகுதி. இன்று காதில் மின்னணு வில்லைகள் வந்துவிட்டன; மாநில எல்லை தாண்டும் பதினெட்டு மாதத்துக்கு மேற்பட்ட இனப்பெருக்க மாடுகளுக்கு 2024 நவம்பர் முதல் அவை கட்டாயமும் ஆகியுள்ளன. ஆனால் வில்லையைக் கத்தியால் ஒரு நொடியில் அறுத்துவிடலாம். குறியை அறுக்க முடியாது.

அன்று விடிவதற்குள் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தங்கள் குதிரைகளோடு வந்து சேர்ந்தார்கள். யாருக்கும் கூலி இல்லை. அடுத்த வாரம் அவர்கள் பண்ணைக்கு இந்தக் குடும்பம் போகும். தாய்களைப் பிரித்து வெளியே விட்டபின், குதிரைமேல் இருப்பவர் பட்டிக்குள் நடைவேகத்திலேயே சென்று, சுருக்குக் கயிற்றைக் கன்றின் பின்னங்கால் இரண்டிலும் விழச்செய்து, நெருப்பு இருக்குமிடத்துக்கு மெல்ல இழுத்து வருவார். குதிரையைப் பாயவிட்டு வேடிக்கை காட்டுபவர் மறுமுறை அழைக்கப்படுவதில்லை என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் சொன்னார். ஒருவர் முன்னங்காலை மடக்கிக் கழுத்தருகே மண்டியிட, இன்னொருவர் பின்னே அமர்ந்து ஒரு காலைக் கையால் இழுத்து மற்றதைத் தன் காலால் தள்ளிப் பிடிக்க, சூட்டுக்கோல்காரர், காயடிப்பவர், ஊசிக்காரர் மூவரும் ஒருவர் கையில் ஒருவர் இடிக்காமல் தம் வேலையை முடிப்பார்கள். கன்று தரையில் கிடப்பது ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரம்தான். அன்றைய திறமை முழுவதும் அந்த நேரத்தைக் குறைப்பதற்காகவே என்பதை நான் மெல்ல மெல்லக் கண்டுகொண்டேன்.

சூட்டுக்கோலைப் பிடித்தவர் எழுபது வயதைக் கடந்த பாட்டி. எரிவாயு அடுப்பிலிருந்து கோலை எடுத்ததும் அதன் நிறத்தைப் பார்ப்பார். சாம்பல் நிறம் வரவேண்டும். செக்கச்சிவந்த இரும்பு முடியில் தீப்பற்றவைத்துக் குறியைக் கலைத்துவிடும், சூடு போதாத இரும்போ பதியாமல் மறுபடியும் வைக்க வைத்துவிடும். மூன்று முதல் ஐந்து நொடி அழுத்தி, பிடியைச் சற்றே முன்னும் பின்னும் அசைத்து எடுத்தால், பதனிட்ட தோலின் பழுப்பு நிறத்தில் கோடு தெளிவாக நிற்கும். கோடுகள் சந்திக்கும் மூலையில் வெப்பம் தேங்கித் தோல் அளவுக்கு மீறி வெந்துவிடாதபடி கோலில் அங்கே சிறு வெட்டு விட்டிருந்தார்கள். காலைப் பனியில் முடி நனைந்திருந்ததால் வெயில் ஏறி அது உலரும்வரை அத்தனை பேரையும் அவர் காத்திருக்க வைத்தார்; ஈரமுடியில் நீராவி பரவி வெந்து, குறி தேய்ந்த கறையாகிவிடுமாம்.

என் பணி இரண்டு ஊசி. ஒன்று சப்பை நோய் உள்ளிட்ட கிளாஸ்ட்ரிடியக் கிருமி நோய்களுக்கு. மற்றது சுவாச நோய்களுக்கான, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் மருந்து. இரண்டையும் தோளுக்கு முன்னால் கழுத்தில், தோலுக்கடியில் போடவேண்டும். தொடையில் போட்டால் விலைமிகுந்த இறைச்சியில் தழும்பு விழும். உயிருள்ள மருந்து வெயில் பட்டால் செத்துவிடும். கலக்கிய சிறிது நேரத்துக்குள் தீர்த்தாகவும் வேண்டும். ஆகையால் பனிக்கட்டிப் பெட்டியை நிழலில் வைத்துச் சிறு குப்பிகளாகவே கலக்கினேன். கிடாக்கன்றுகளின் கணக்கைக் காயடித்தவரின் வாளியில் இருந்தவற்றை எண்ணியே சரிபார்த்தார்கள். ஏட்டுக் கணக்கைவிட அதைத்தான் நம்பினார்கள்.

கன்றுக்கு வலிக்கிறது. அதை அந்தக் குடும்பத்தில் யாரும் மறுக்கவில்லை. மருத்துவனாக நானும் மறைக்க விரும்பவில்லை. குளிர்க்குறி முறை 1966-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவானது; திரவ நைட்ரஜனில் குளிர்வித்த கோல் நிறமிச் செல்களை அழிப்பதால் முடி வெள்ளையாக முளைக்கும். வலி குறைவு என்பது உண்மை. ஆனால் முடியை மழித்து, ஆல்கஹால் தடவி, கோலை ஏறத்தாழ அரை நிமிடம் அசையாது அழுத்த வேண்டும். தரையில் இருவர் பிடித்திருக்கும் கன்றிடம் அது நடவாது, கூண்டுக்குள் நிறுத்தும் வளர்ந்த மாட்டுக்கே பொருந்தும். நூற்றுக்கணக்கான கன்றுகளுக்கு அந்தப் பண்ணையில் சூட்டுக்கோல்தான் நடைமுறை என்பதை ஏற்கிறேன். அதை ஏற்பதாலேயே, வாய்வழி கொடுக்கும் மெலாக்சிகாம் போன்ற வலிநீக்கியும் அன்றைய வேலையில் சேரவேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன். மலிவான மருந்து அது. மருத்துவரின் பரிந்துரை வேண்டும், கன்று ஒன்றுக்குச் சில நொடிகள் கூடும். காயடிப்பும் சூடும் ஒரே நேரத்தில் தாங்கும் கிடாக்கன்றுக்கு அந்தச் சில நொடிகளை நாம் கொடுக்கத்தான் வேண்டும்.

இதைப் பாட்டியிடம் சொன்னபோது அவர் கேட்டது விலையை அன்று, கன்று தாயிடம் சேரும் நேரம் குறையுமா என்பதைத்தான். வேலை முடிந்ததும் தாய்களை உள்ளே விட்டு, ஒவ்வொன்றும் தன் கன்றை மோந்து கண்டுபிடித்துப் பாலூட்டும்வரை மந்தையை அவர் நகரவிடமாட்டார். தாயைத் தவறவிட்ட கன்று கடைசியாகப் பால் குடித்த இடத்தைத் தேடி மைல்கணக்கில் திரும்பி நடந்துவிடும். மருந்து கொடுத்தவையும் கொடுக்காதவையும் எவ்வளவு விரைவில் மடி தேடுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றேன். அடுத்த பட்டியின் கிடாக்கன்றுகளில் பாதிக்குக் கொடுத்துப் பார்க்கச் சம்மதித்தார். பரிந்துரைக்காக அவர்களுடைய கால்நடை மருத்துவருக்கு அன்று மாலையே தொலைபேசியில் பேசினோம்.