மார்செய் மேயர் தெஃபேர்: 33 ஆண்டு நாற்காலி எப்படி நிலைத்தது?

பிரான்சில் மேயருக்கு மக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை. கட்சிப் பட்டியலுக்கு வாக்களிப்பார்கள். அதில் வென்ற கவுன்சிலர்கள் மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். கஸ்தோன் தெஃபேர் 1953 முதல் 1986இல் இறக்கும் வரை மார்செய் நகர மேயராக இருந்ததற்கு அடிப்படை இந்த முறைதான்.

அவர் சோஷலிஸ்ட். நகரத்தில் கம்யூனிஸ்டுகளின் கை ஓங்கியிருந்ததால், அவர்களை வெளியே நிறுத்த மையவாத, வலதுசாரிக் கவுன்சிலர்களோடு பல ஆண்டுகள் கூட்டு வைத்தார். 1944இல் ஜெர்மன் பிடியிலிருந்து நகரம் விடுதலையானபோது கைக்கு வந்த ‘லெ ப்ரொவான்சால்’ நாளிதழும் அவருக்குப் பெரிய பலம். கூடவே நாடாளுமன்றப் பதவியும் இருந்தது. அன்று அதற்குத் தடை இல்லை.

1981இல் உள்துறை அமைச்சரானார். 1982 மார்ச் 2 அதிகாரப் பரவலாக்கச் சட்டம்தான் என் பார்வையில் அவருடைய மிகப் பெரிய வேலை. அதற்கு முன் நகராட்சியின் தீர்மானங்கள், அரசு நியமித்த பிரிஃபெக்டின் முன்கூட்டிய மேற்பார்வையில் இருந்தன. சட்டத்துக்குப் பிறகு தீர்மானத்தை வெளியிட்டு, பிரிஃபெக்டுக்கு அனுப்பினாலே அது செல்லும். சட்டவிரோதம் என்று கருதினால் பிரிஃபெக்ட் நிர்வாக நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். தானே ரத்து செய்ய முடியாது. மாவட்ட நிர்வாகமும் பிரிஃபெக்டிடமிருந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட மன்றத் தலைவருக்குப் போனது.

அதே ஆண்டு டிசம்பர் 31இல் பாரிஸ், லியோன், மார்செய் மூன்றுக்கும் வந்த சட்டத்தை அவ்வளவு மனமாரப் பாராட்ட முடியாது. மார்செயின் 16 வட்டங்கள் 1983 தேர்தலுக்கு 6 தொகுதிகளாகத் தொகுக்கப்பட்டன. ஒரு தொகுதியில் 12 இடம் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விதிப்படி, அதிக வாக்கு பெற்ற பட்டியலுக்கு முதலில் பாதி, அதாவது 6. மீதி 6 இடங்கள் வாக்கு விகிதப்படி எல்லாப் பட்டியல்களுக்கும் பிரியும். 51-49 என்று வென்றாலும் 9 இடம், தோற்றவருக்கு 3. ஆகவே தொகுதிகளை மயிரிழையில் வெல்வதுதான் லாபம். ஒரே தொகுதியில் வாக்குகளைக் குவித்தால் அவை வீண். அந்தத் தேர்தலில் நகரம் முழுதும் எண்ணினால் எதிரணியின் ழான்-குளோத் கோதேனுக்கே வாக்கு அதிகம். மேயரானவர் தெஃபேர். தொகுதி எல்லைகளை வரைந்த உள்துறையும் அவர் கையில்தான் இருந்தது. இதை ஜனநாயகத்துக்கு நல்லது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1986 மே மாதத் தொடக்கத்தில், தன் கட்சியின் மாவட்டக் கிளைக்குள்ளேயே நடந்த வாக்கெடுப்பில் மிஷெல் பெஸே அணியிடம் தோற்றார். அன்றிரவு வீட்டில் விழுந்து காயமடைந்து, மே 7இல் இறந்தார். மேயர் பதவி பெஸேவுக்குப் போகவில்லை. கவுன்சிலர்கள் ரொபேர் விகூரூவைத் தேர்ந்தெடுத்தார்கள்.