ஐஸ்லாந்து நாட்குறிப்பு: இன்னும் அடங்காத நிலம்

2022 செப்டம்பர் 9, வெள்ளி. திங்வெட்லிர்

நேற்றிரவு ரெய்க்யவிக் விடுதியில் வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் மெல்லிய கந்தக நெடி எழுந்தது. இங்கே பத்து வீடுகளில் ஒன்பது பூமிக்கடியிலிருந்து வரும் வெப்பத்தால்தான் கதகதப்பாக இருக்கின்றன. சென்ற மாதம் அருகிலுள்ள ரெய்க்யனெஸ் தீபகற்பத்தில் எரிமலைக் குழம்பு பொங்கி, சில வாரங்களில் ஓய்ந்திருக்கிறது.

இன்று திங்வெட்லிர் பள்ளத்தாக்கில் நெடுநேரம் நடந்தோம். அரசன் என ஒருவன் இல்லாத காலத்தில், 930-ஆம் ஆண்டு முதல், தலைவர்கள் கோடைதோறும் இங்கே கூடி, பாறைமேல் நின்று ஒருவர் மனப்பாடமாகச் சட்டம் ஓதக் கேட்டு, வழக்குகளைத் தீர்த்திருக்கிறார்கள். 1944 ஜூன் 17 அன்று கொட்டும் மழையில் குடியரசை அறிவித்ததும் இங்கேதான். வட அமெரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருக்கும் பிளவில், தங்கள் பொதுமன்றத்துக்கு இவர்கள் இடம் கண்டார்கள் என்பது எனக்குத் தீராத வியப்பு. அதே வழியில், தண்டனை பெற்ற பெண்களை மூழ்கடித்துக் கொன்ற மடு ஒன்றும் இருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கடந்து அருவியை நோக்கி நடந்தார்கள்; அக்காவும் நானும் அங்கே சற்று நின்றோம். நிற்கவேண்டிய இடம் அது.

செப்டம்பர் 10, சனி

ஸ்ட்ரோக்கூர் வெந்நீர் ஊற்று, குல்ஃபாஸ் அருவி. இரண்டும் படங்களில் பார்த்தபடியே அழகாக இருந்தன, கூட்டமும் அப்படியே. மாலையில் வேகமாக வீசிய காற்றில் கார்க் கதவை இரு கையாலும் பிடித்துக்கொண்டுதான் திறக்க முடிந்தது.

செப்டம்பர் 11, ஞாயிறு. எல்ட்ராயின்

இந்தப் பயணத்தில் என்னை மிகவும் உலுக்கிய நிலப்பரப்பு இதுதான். சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை கட்டிகட்டியாக உறைந்த எரிமலைக் குழம்பு. அதன்மேல் சாம்பல் கலந்த பச்சையில் கணுக்கால் புதையும் அளவுக்குப் பாசி. கால் வைத்தால் அதன் தடம் மறையப் பல்லாண்டுகள் ஆகும் என்பதால், வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் குனிந்து விரலால் மட்டும் தொட்டுப் பார்த்தேன். மேலே பஞ்சு மெத்தைபோல் இருந்தது. சற்று அழுத்தினால் உள்ளே கத்திமுனை போன்ற கல்.

1783 ஜூன் 8 அன்று லாகிப் பகுதியில் நிலம் நீளவாக்கில் வெடித்து, மறு ஆண்டு பிப்ரவரி வரை குழம்பைக் கக்கியது. ஆனால் மக்களைப் பெருமளவில் கொன்றது குழம்பு அன்று. நச்சுப்புகையும் அதிலிருந்த ஃபுளூரினும் புல்லில் படிந்து ஆடுமாடுகளை மாய்த்தன. அதன் பின் வந்த பஞ்சத்தில் நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இறந்தார்கள். அருகிலுள்ள கிளாய்ஸ்தூர் என்ற சிற்றூரில் யோன் ஸ்டெய்ன்கிரிம்சன் என்ற பாதிரியார், குழம்பு ஊரை நெருங்கிக்கொண்டிருந்த ஜூலை 20 அன்று தேவாலயத்தில் மக்களைக் கூட்டி வழிபாடு நடத்தினார். அன்று குழம்பு மேற்கொண்டு நகரவில்லை. அதைவிட, எந்த விலங்குக்கு என்ன நோய் கண்டது, எந்தப் பண்ணை எப்போது அழிந்தது என்று அந்தத் துயரின் நடுவிலும் அவர் எழுதி வைத்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது. லாகியைப் பற்றி இன்று அறிஞர்கள் சொல்வதில் கணிசமான பங்கு அந்தக் குறிப்புகளை நம்பியே நிற்கிறது.

செப்டம்பர் 12, திங்கள். ஸ்கெய்தாரா மணல்வெளி

முறுக்கிய இரும்பு உத்திரங்கள் இரண்டு சாலையோரம் நினைவுச்சின்னமாகக் கிடக்கின்றன. 1996-இல் வாட்னாயோகுல் என்ற பெரும் பனிப்படலத்துக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய நீர் முழுதும் ஒரு மாதம்போல் உள்ளேயே தேங்கியிருந்து, நவம்பர் 5 அன்று வீடுகளின் அளவுள்ள பனிக்கட்டிகளோடு வெளியே பாய்ந்தது. பாலங்களையும் சாலையையும் அடித்துச் சென்ற அந்த வெள்ளத்தின் எச்சம்தான் இந்த உத்திரங்கள். தீவைச் சுற்றிவரும் நெடுஞ்சாலையின் கடைசி இணைப்பை 1974-இல் முடித்ததே இந்த மணல்வெளியில்தான். பின்னர், 2009-இல் ஸ்கெய்தாரா ஆறே வேறு வழியில் ஓடத் தொடங்கிவிட்டதால், அதைக் கடக்கக் கட்டிய நீளமான பாலம் இப்போது வறண்ட மணல்மேல் நிற்கிறது.

மாலையில் யோகுல்சார்லோன் ஏரியின் மிதக்கும் பனிப்பாறைகளைப் பார்த்தோம். பனி பின்வாங்கியதால் 1930-களில் உருவாகத் தொடங்கிய ஏரி இது. இன்றும் ஆண்டுக்காண்டு பெரிதாகி வருகிறது. நீலம் மனத்தைக் கவர்ந்தது, ஆயினும் அது எதனால் வளர்கிறது என்று அறிந்தபின் மகிழ்ச்சியாகப் பார்க்க முடியவில்லை.

செப்டம்பர் 14, புதன். ஹெய்மாஎய்

தென்கரையிலிருந்து படகில் இத்தீவுக்கு வந்தோம். 1973 ஜனவரி 23 அதிகாலை இரண்டு மணிக்குச் சற்று முன்பு, ஊரின் ஓரத்தில், முன்பு மலையே இல்லாத இடத்தில், நிலம் பிளந்து நெருப்பு எழுந்தது. முந்தின நாள் புயலடித்ததால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்திலேயே நின்றிருந்தன. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் ஏறக்குறைய அனைவரும் அந்த இரவிலேயே அவற்றில் ஏறிக் கரைசேர்ந்தார்கள். குழம்பு துறைமுக வாயை அடைத்துவிட்டால் ஊருக்குப் பிழைப்பே இல்லை என்பதால், மாதக்கணக்கில் அதன்மேல் கடல்நீரைப் பாய்ச்சி அதை உறைய வைத்தார்கள். துறைமுகம் தப்பியது, குழம்பு வாயைக் குறுக்கியதில் முன்னைவிடப் பாதுகாப்பாகவும் ஆனது. திரும்பி வந்தவர்கள், ஆறாத அந்தக் குழம்பின் வெப்பத்தையே குழாய்களில் எடுத்து வீடுகளைச் சூடாக்கிக்கொண்டார்கள்.

சாம்பலிலிருந்து தோண்டியெடுத்த வீடு ஒன்றை அப்படியே உள்ளடக்கி அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். உத்திரம் இறங்கி, சுவர் சரிந்து, ஒரு குடும்பம் விட்டுப்போன நிலையில் இருக்கிறது அது.

இரவில் தெருவில் சிறுவர்கள் அட்டைப்பெட்டிகளோடு அலைவதைக் கண்டோம். கூட்டைவிட்டு முதன்முறை பறக்கும் பஃபின் என்ற கடற்பறவையின் குஞ்சுகள் ஊர் விளக்குகளில் மயங்கித் தரையிறங்கிவிடுகின்றன. அவற்றைப் பிடித்து எடைபோட்டுப் பதிவு செய்து, மறுநாள் கடலை நோக்கிப் பறக்கவிடுவது இவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தலைமுறை வழக்கம். ஒரு சிறுமி தன் பெட்டியைத் திறந்து காட்டினாள். கருஞ்சாம்பல் முகமும் இன்னும் நிறமேறாத அலகுமாக உள்ளே ஒன்று கோபத்தோடு நிமிர்ந்து பார்த்தது. நாளைக் காலை பாறை விளிம்புக்கு நீங்களும் வரலாம் என்று அவள் தாய் அழைத்திருக்கிறார். எங்கள் படகு நண்பகலுக்குத்தான், போகிறோம்.