தெற்கு ஜன்னல் ஓரத்துத் தொட்டியும் ஐந்து வாரப் பச்சைத் தண்ணீரும்

நேற்று மாலை, மீன் தொட்டியின் பின்கண்ணாடியில் வெளிப்புறமாக ஒட்டியிருக்கும் தினசரி காலண்டர் தாளின் தேதி எண், பன்னிரண்டு அங்குலத் தண்ணீரைத் தாண்டி முன்பக்கத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தது. ஐந்து வாரங்களுக்கு முன் அந்தத் தாளே கண்ணுக்குத் தெரியவில்லை. மோலிகள் கண்ணாடிக்கு நாலு விரற்கடை தூரத்தில் வந்தால்தான் மீன் இருக்கிறது என்றே நம்ப முடிந்தது.

தவறு என்னுடையதுதான். இரண்டடித் தொட்டியை ஜூன் மாதத்தில் தெற்கு ஜன்னலை ஒட்டி வைத்தபோது நேர் வெயில் துளியும் விழவில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது என்பதையும், டிசம்பரில் அது தெற்கே இறங்கி ஏறத்தாழ 53 டிகிரி உயரத்திலேயே நின்றுவிடுவதால் சன்ஷேடைத் தாண்டி வெயில் உள்ளே வரும் என்பதையும் அப்போது நான் யோசிக்கவில்லை. மழைக்கால மேகங்கள் அதையும் மறைத்துவைத்திருந்தன. பொங்கலுக்கு வானம் வெளுத்தது; நான்கே நாளில் மிதக்கும் பாசி பெருகித் தண்ணீர் பச்சையானது.

முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீரை மாற்றிக் கையொடிந்ததுதான் மிச்சம். இந்தப் பாசியின் செல்கள் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் சிக்காத அளவுக்குச் சிறியவை. மீதமுள்ள பாதியிலிருந்து அவை மறுபடி பெருகிவிடும். கடைக்காரர் ஒருவர் 'டேங்க் கிளீனர்' மீனை வாங்கிப் போடச் சொன்னார். அது கண்ணாடியிலும் கல்லிலும் ஒட்டிய பாசியைச் சுரண்டும் மீனே தவிர, தண்ணீரில் மிதப்பதை வடிகட்டும் மீன் அல்ல; போதாக்குறைக்கு ஓரடிக்கு மேல் வளரும். பிறகு மூன்று நாள் போர்வை போட்டு இருட்டடித்தேன். தண்ணீர் தெளிந்தது, ஆறாம் நாள் பச்சை திரும்பியது. வெயிலைத் தடுக்காமல் இருட்டடிப்பதில் பயனில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தொட்டியை நகர்த்தலாமே என்று கேட்பவர்களுக்கு: ஸ்டாண்டும் சரளையும் தண்ணீருமாக எண்பது கிலோவுக்குக் குறையாது, மற்றச் சுவர்களில் பிளக் பாயின்டும் இல்லை.

ஆகவே மறைப்பு. இதில்தான் பதினைந்து நாள் போயிற்று. முதலில் கறுப்புச் சார்ட் பேப்பரைப் பின்கண்ணாடியோடு ஒட்டினேன். மதியம் மூன்று மணிக்கு அதன்மேல் உள்ளங்கையை வைத்தால் சுட்டது; தெர்மாமீட்டர் முன்னைவிட ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டியது. கறுப்பு, வெளிச்சத்தை விழுங்கி வெப்பமாக்கிக் கண்ணாடி வழியே தண்ணீருக்கே கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, ஓர் அங்குல வெள்ளைத் தெர்மாகோல் பலகையைக் கண்ணாடியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, இடையில் சூடேறும் காற்று மேலே போக வழிவிட்டு நிறுத்தினேன். வெப்பம் அடங்கியது. ஆனால் நான்காம் நாள் வலப்பக்கக் கண்ணாடியின் பின்விளிம்பில், பென்சில் கனத்தில், மேலிருந்து கீழாக அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் ஒரு பச்சைக் கோடு. பிற்பகல் வெயில் தென்மேற்கிலிருந்து சாய்ந்து, பலகை முடியும் இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது! அந்தப் பக்கம் எட்டங்குல அகலத்தில் ஒரு மடிப்பைச் சேர்த்து, இரண்டு பலகைகளும் கூடும் மூலையை மாஸ்கிங் டேப்பால் அடைத்த பிறகே அந்தக் கோடு வளர்வது நின்றது.

அதன்பின் இரண்டாவது இருட்டடிப்பு, நான்கு நாள். தீனி கிடையாது, ஏர் பம்ப் மட்டும் இரவும் பகலும் ஓடியது. இதைப் புதியவர்கள் அலட்சியப்படுத்த வேண்டாம். பாசி பகலில் ஆக்சிஜனை வெளிவிட்டாலும் இரவில் அதையே உட்கொள்ளும். இறந்து மட்கும்போது இன்னும் அதிகமாக இழுக்கும். முதல் இருட்டடிப்பின்போது விடியற்காலை ஐந்து மணிக்கு மோலிகள் அனைத்தும் மேலே வந்து வாய் பிளந்து நின்றதைப் பார்த்துத்தான் நான் பம்பைத் தேடி ஓடினேன். ஐந்தாம் நாள் தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கியிருந்தது. ஹைப்போ (குளோரினை முறிக்கும் உப்பு) போட்டுக் குளோரின் நீக்கிய தண்ணீரால் நாற்பது சதவீதத்தை மாற்றினேன். எல்இடி விளக்கைப் பத்து மணி நேரத்திலிருந்து ஆறாகக் குறைத்தேன். அம்மாவிடம் தீனி டப்பாவைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்த வேண்டுகோள் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பது சந்தேகம்.

இதற்கிடையே வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்கு ஒரு நடை போய்வந்தேன். வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியில் ஒரு கட்டு வாங்குவதுதான் எண்ணம். வேர் அழுகாத கட்டைப் பொறுக்கி எடுக்க நான்கு கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. திரும்பும்போது ஒரு பாக்கெட் மொய்னாவும் (மீன்களுக்கு உயிர்த்தீனியாகும் பொடி நீர்ப்பூச்சி) கையோடு வந்துவிட்டது. வெளியேற்றிய பச்சைத் தண்ணீரில் ஒரு வாளியை வீணாக்காமல் மொட்டைமாடி நிழலில் வைத்திருந்தேன். மொய்னாவுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. அது பெருகினால் மோலிக் குஞ்சுகளுக்குக் கடைத் தீனியே தேவைப்படாது. வாளிக்குக் கொசுவலை மூடி தைப்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை.

தொட்டி வேலை இன்னும் முடியவில்லை. காலண்டர் தாளில் தேதியும் கிழமையும் துல்லியமாகத் தெரிகின்றன. இன்று காலை ராகுகால நேரத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ராசிபலன் மட்டும் இன்னும் பச்சைக்குள்தான் கிடக்கிறது.